வேலாங்குறிச்சி மண்டபத்துக்குக் கிடைத்த கேடயம்

சென்ற இதழில் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். அதற்கடுத்த சில வருஷங்களைத் தாண்டிவிட்டு இன்று நேராகத் தல்லாகுளத்துக்குப் போகிறேன். வரிசையாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் கை வேறு எங்கோ போகிறது. எது முட்டிக்கொண்டு முன்னால் வருகிறதோ அதையே எழுதிவிடுகிறேன்.

தல்லாகுளத்தில் ஒரு பெரிய ஓட்டுக் கட்டடம். மேடையில் நாற்காலிகள், மாலைகள். மேடைக்குக் கீழே ஜமுக்காளத்தில் ஊர் ஊராக வந்த ஜனங்கள். கடைசி வரிசையில், தூணை ஒட்டி நாங்கள் மூன்று பேர்: நான், காதர் அண்ணன், பேச்சி. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரி எரித்து ஓட்டிய நேரம். அந்தக் கரி பஸ்ஸில் வந்ததில் எங்கள் மூக்கெல்லாம் கறுத்திருந்தது. பேச்சி வழியெல்லாம் வாந்தி எடுத்துச் சோர்ந்து, ஒரு எலுமிச்சம் பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து வாசித்தார்.

"தாலுகாவிலேயே சிறப்பாக நடத்தப்படும் ஊர்ப் பொது மண்டபம் வேலாங்குறிச்சி. அதன் தலைவர் மேடைக்கு வரவும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும் சேர்ந்து தட்டினோம். தட்டி முடித்தபிறகுதான் யாராவது எழுந்து போக வேண்டுமே என்று உறைத்தது. எங்கள் மண்டபத்துக்குத் தலைவர் என்று ஒருவர் கிடையாது.

"வேலாங்குறிச்சியிலிருந்து யாரும் வரவில்லையா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

### வைக்கோல் குடியிருந்த வீடு

வேலாங்குறிச்சி எழுமலைப் பக்கம். சந்தைக்கு நடந்தே போய் வந்துவிடலாம். மதுரையில் தெற்குவாசல் பக்கம் ஒரு மளிகைக்கடைக்காரரின் மகளாக வளர்ந்த நான், அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனபோது ஊர் நடுவே பொட்டலாகக் கிடந்த மந்தையில் அந்த மண்டபம் ஏற்கெனவே இருந்தது.

ஊரில் சாவடி என்று ஒன்று உண்டு. அது ஆண்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசுகிற இடம். பெண்கள் அதன் நிழலைக்கூட ஒதுங்கித்தான் கடப்பார்கள். மண்டபம் அப்படியில்லை. எல்லோருக்கும் பொது என்று சொல்லித்தான் கட்டினார்களாம். என் வீட்டுக்காரரின் பெரியப்பா, ஊரின் பெரிய மனிதர், இடம் கொடுத்தார். கீழத்தெரு ஆட்கள் மலையடிவாரத்திலிருந்து கல் உடைத்துச் சுமந்து வந்தார்கள். திறப்பு விழா அன்று அந்தக் கீழத்தெரு ஆட்கள் மட்டும் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அந்த 'எல்லோரும்' கொஞ்சங்கொஞ்சமாகச் சுருங்கியது. சாவி பெரியப்பாவின் இடுப்பில் ஏறியது. நான் போனபோது மண்டபத்துக்குள் பெரிய வீட்டு வைக்கோல் கூரை முட்ட அடைந்திருந்தது. முன்கூடத்தில் சீட்டாட்டம். ஆட்டுப்புழுக்கை வாடை மந்தை முழுக்க வீசும்.

ஒரு ஐப்பசியில், மாடு மேய்க்கிற ஒரு வீட்டுக் கல்யாணம். பந்தலில் பந்தி போட்ட நேரம் மழை கொட்டிவிட்டது. இலையில் விழுந்த சோறு தண்ணீரில் மிதந்தது. பெண்ணின் தகப்பன் நனைந்த இலையை மடித்து மடித்து எடுத்த காட்சி இன்னமும் எனக்கு மறக்கவில்லை.

மந்தைக்கு எதிரே சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தவர் காதர் அண்ணன். மதுரைப் பழைய பட்டணத்துக்காரர். கடையை விட்டு இறங்கி மழையிலேயே நின்று சத்தம் போட்டார்.

"இம்புட்டுப் பெரிய கட்டடம் வைக்கோலுக்கு! மனுசன் மழையிலயா? அல்லாவுக்கே அடுக்காதுய்யா!"

அன்றைக்குச் சாயங்காலமே நானும் என் வீட்டுக்காரரும் பெரிய வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டோம். எங்களுக்குப் பின்னால் காதர் அண்ணன் ஈர வேட்டியோடு நின்றார். பெரிய மாமா (பெரியப்பாவை நான் கூப்பிடுவது அப்படித்தான்) சிரித்தார்.

"வச்சு நடத்துங்கத்தா. எத்தன நாளைக்குன்னுதான் பாக்குறேன்" என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். தன் கையை மீறி எதுவும் போகாது என்கிற தைரியம் அவருக்கு.

வைக்கோலை வெளியே சுமந்து போட்டவர் என் வீட்டுக்காரர். உள்ளே இருந்து ஒரு சாரைப்பாம்பு வந்தது, இரண்டு கீரி வந்தன, காணாமல் போயிருந்த ஒரு பித்தளை அண்டாவும் வந்தது. சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளை அடித்த அந்தச் சுவர் வாடை எனக்கு இப்போதும் பிடிக்கும்.

சாவி வாரம் ஒரு வீடாகச் சுற்றும் என்று ஏற்பாடு. சட்டம் இரண்டே இரண்டுதான் வைத்தோம். முதலில் வந்து கேட்டவருக்கு முதலில். எப்படி எடுத்தாயோ அதைவிடச் சுத்தமாகத் திருப்பிக் கொடு. பெரிய வீடானாலும் சரி, சின்ன வீடானாலும் சரி.

### கீழத்தெருவில் நெருப்பு

ஒரு சித்திரை மத்தியானம். காற்றும் வெயிலுமாகக் கொளுத்திய நாள். கீழத்தெருவில் ஒரு அடுப்பிலிருந்து பொறி பறந்து, தெருவின் கூரைகள் எல்லாம் எரிந்துபோயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பிள்ளைகளும் கிழங்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வெயிலில் நின்றார்கள்.

அந்த வாரம் சாவி என்னிடம் இருந்தது. யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பேன். போய்த் திறந்துவிட்டேன்.

வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். யாரும் படி ஏறவில்லை. அப்போது நடுத்தர வயசில் ஒருத்தி, கரி படிந்த முகமும் உரத்த குரலுமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அதுதான் பேச்சி.

"உள்ள வரச் சொல்றீகளா, இல்ல சும்மா காத்தாடத் தொறந்து வச்சிருக்கீகளா, தாயி?"

"உள்ள வாங்க" என்றேன்.

"அப்பச் சரி" என்று இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக முதல் ஆளாகப் படியேறினாள்.

கூரை வேய்ந்து முடிகிறவரை அவர்கள் மண்டபத்தில்தான் இருந்தார்கள். ஊரில் பாதிப்பேர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பெரிய வீட்டிலிருந்து எங்களுக்கு வருகிற மோர்கூட நின்றுபோனது. காதர் அண்ணன் கடையில் துணி எடுக்கக் கூடாது என்று சாவடியில் பேசினார்களாம். "அப்ப எல்லாரும் எழுமலைக்கு நடங்கய்யா, ஒடம்புக்கு நல்லது" என்றாராம் அவர்.

கீழத்தெருக்காரர்கள் வீடு திரும்பிய அன்று மண்டபம் பளிச்சென்று இருந்தது. சுவரில் புகைக்கறைகூட இல்லை. பேச்சி எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"தாயி, ஒண்ணு சொல்லணும். கூட்டிப் பெருக்க மட்டும் எங்களக் கூப்புடாதீக. வாரம் ஒரு வீடுன்னு சாவி சுத்துதுல்ல? எங்க தெருவுக்கும் ஒரு வாரம் குடுங்க. இல்லையின்னா இனிமே எங்கள அந்தப் பக்கமே தேடாதீக."

கெஞ்சலாகக் கேட்கவில்லை. கொடுக்கல் வாங்கல் பேசுகிற மாதிரி நிமிர்ந்து நின்று கேட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர்.

"பெரியப்பா சும்மா இருக்க மாட்டாரு" என்றார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அவுக சொமந்த கல்லு. சாவி போகட்டும்."

அந்த வாரமே சாவி கீழத்தெருவுக்குப் போனது. அன்றிலிருந்து நான் அவளைப் பேச்சியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் மட்டும் என்னைத் 'தாயி' என்பதை விடவே இல்லை.

### செல்லம்

இங்கே பெரிய மாமாவின் மகள் செல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடச் சின்னவள். புருஷன் செத்துத் தாய்வீட்டுக்கு வந்தவளை உள்கட்டில் வைத்திருந்தார்கள். வாசல் பக்கமே வர விடமாட்டார்கள். நான் அந்த வீட்டுக்குப் போனால் வெள்ளைச் சேலைத் தலைப்பு மட்டும் கதவுக்குப் பின்னால் தெரியும்.

மண்டபத்தில் மத்தியானங்கள் பெண்களுக்கு என்று வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் பெரிய அத்தை, அதாவது செல்லத்தின் தாயார், கொல்லைப்புறச் சந்து வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் விட்டார். "கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தேன். இவ நல்லாப் பாடுவா. ஏதாவது செய்யச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செல்லம் சின்னப் பெண்களுக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுத்தாள். மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் நின்று அடித்தார்கள். ஒரு நாள் பேச்சியக்காவும் ஆடுகிறேன் என்று கம்பை வாங்கித் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அப்போது செல்லம் சிரித்தாள். அடக்க அடக்க முடியாமல், சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கூட்டிப்போக வந்த பெரிய அத்தை வாசலில் நின்று அதைப் பார்த்தபடியே இருந்தார். 

### இரண்டு பூட்டு

மதுரையில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து கிராமங்களுக்காக ஒரு சபை நடத்தி வந்தார்கள். அவர்கள் ஊர் மண்டபங்களைப் பார்வையிட்டு, நன்றாக நடத்துகிற ஊருக்கு வெள்ளிக் கேடயம் கொடுக்கப் போவதாகச் செய்தி கொண்டுவந்தவர் காதர் அண்ணன். சரக்கு எடுக்கப் பட்டணம் போனவர், துணி மூட்டையைக்கூட இறக்காமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"தங்கச்சி, நம்ம ஊர் பேரையும் சொல்லிட்டு வந்துட்டேன்!"

பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பிய நாள் பேச்சியக்காவின் வாரத்தில் விழுந்தது.

பெரிய மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள்.

"ஏத்தா மருமகளே, பட்டணத்துலருந்து பெரிய மனுசங்க வாராக. அந்த ஒரு வாரம் சாவி நம்ம வீட்டுல இருக்கட்டும். தோரணம் கட்டி, நாற்காலி போட்டு, ஊரு மானத்த நான் காப்பாத்துறேன்."

"மொற பேச்சியக்காவோடது, மாமா."

"ஒரு வாரந்தானத்தா கேக்குறேன்!"

"ஒரு வாரம் மாத்துனா அது மொற இல்லையே, மாமா."

அவர் முகம் மாறியது. நான் மோரைக் குடிக்காமலேயே எழுந்து வந்தேன். அந்த வயசில் எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியந்தான். 

குறித்த நாள் காலையில் பேச்சியக்கா சாவியோடு போனால், எங்கள் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டுத் தொங்கியது. தேங்காய்க் கனத்தில் ஒரு பழைய பூட்டு. பெரிய வீட்டு நெல்குதிர் அறையில் நான் பார்த்திருக்கிறேன்.

காதர் அண்ணன் கடப்பாரை எடுக்க ஓடினார். பேச்சியக்கா தடுத்தாள்.

"ஒடைக்க வேணாண்ணே. பூட்டு அவுகளது, கதவு நம்மளது. கடப்பாரைக்கு ரெண்டும் ஒண்ணுதேன்."

"அப்ப என்ன செய்ய? வாரவங்க கிட்ட என்னத்தக் காட்ட?"

"இன்னைக்கு உள்ள என்ன நடக்கணுமோ அத வெளிய நடத்துவோம். வேப்பமரம் இருக்குல்ல."

அப்படியே நடத்தினோம். அன்று காலையில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தம். மரத்தடியில் பாய் விரித்து வெற்றிலை மாற்றினார்கள். பிறகு கைக்குழந்தைகளுக்குக் கண்மருந்து விடுகிற கம்பவுண்டர் வந்தார். பிள்ளைகள் வரிசையாக அழுதன. மத்தியானம் கோலாட்டப் பெண்கள் கம்போடு வந்து நின்றார்கள். செல்லம் மட்டும் வரவில்லை. வெட்டவெளியில், சாவடி ஆண்கள் பார்க்கிற இடத்தில், அவள் எப்படி வருவாள்? பிள்ளைகள் தாங்களாகவே பாடிக்கொண்டு ஆடினார்கள். பாட்டு இடையிடையே அறுந்தது.

அந்த நேரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு மோட்டார் வந்தது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு டாக்டரம்மாவும் இறங்கினார்கள்.

"மண்டபத்தைப் பார்க்க வந்தோம். பூட்டிக் கிடக்கிறதே?" என்றார் தாசில்தார். கதவருகே போய்ப் பார்த்துவிட்டு, "அதென்ன, ரெண்டு பூட்டு?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் பேச்சியக்கா சொன்னாள்: "ஒண்ணு ஊரோடதுங்க. இன்னொண்ணு கோவத்தோடது."

டாக்டரம்மா சிரித்தார். தாசில்தார் சிரிக்கவில்லை. "உள்ளே பார்க்காமல் எப்படியம்மா தீர்ப்புச் சொல்வது?" என்று மோட்டாரைப் பார்த்துத் திரும்பினார்.  காதர் அண்ணன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார்.

அப்போது சாவடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பெரிய அத்தை வந்துகொண்டிருந்தார். பெண்கள் எப்போதும் மந்தையின் ஓரமாகத்தான் போவார்கள். அவர் நட்டநடுவே வந்தார். பின்னால் செல்லம், தலைகுனிந்து.

சாவடியிலிருந்து பெரிய மாமா எழுந்து அதட்டினார். "ஏய், எங்க போற?"

"கதவத் தொறக்கப் போறேன்."

"என்னையக் கேக்காமயா?"

"நீங்க பூட்டும்போது யாரக் கேட்டீக?" என்றார் அத்தை, நடையை நிறுத்தாமல். கதவருகே வந்ததும் திரும்பினார். குரல் உடைந்திருந்தது, ஆனால் மந்தை முழுக்கக் கேட்டது. "எம் மக வீடு திரும்பினதுலருந்து சிரிக்கல. சிரிச்சது இந்தக் கதவுக்கு உள்ளாறதேன். இதப் பூட்டுனா அவளப் பூட்டுன மாதிரி. பூட்ட விடமாட்டேன்."

 பெரிய மாமா மகளைப் பார்த்தார். அவள் வாசல் தாண்டி வெளிச்சத்தில் நிற்பதை அவரே அன்றுதான் பார்க்கிறார்.

அத்தை ஒரு பூட்டைத் திறந்தார். பேச்சியக்கா மற்றதைத் திறந்தாள். ஆளுக்கொரு கதவாகத் தள்ளினார்கள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சாணம் தெளித்த வாசல், துடைத்த தளம், மூலையில் அடுக்கிய பந்திப் பாய்கள், கொடியில் துவைத்துக் காயப்போட்ட ஜமுக்காளம். டாக்டரம்மா ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டிப் பார்த்தார். தூசி இல்லை. பிள்ளைகள் உள்ளே ஓடிவந்து வட்டம் கட்டினார்கள். செல்லம் பாட ஆரம்பித்தாள். முதலில் முணுமுணுப்பாக, பிறகு வாய்விட்டு.

மோட்டார் ஏறும்போது தாசில்தார் என்னிடம் சொன்னார்: "இதைவிடப் பெரிய மண்டபங்கள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஒன்றில் சாவி எங்கே என்று தேடவே எங்களுக்கு அரை நாள் போயிற்று. மரத்தடியிலும் நடக்கிற மண்டபத்தை இங்கேதானம்மா பார்க்கிறேன்."

### "கையில குடுங்கய்யா"

தல்லாகுளத்துக்குத் திரும்புகிறேன். முறை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பேச்சியக்காவின் வாரம் நடந்துகொண்டிருந்தது.

"தலைவர் யார்?" என்று கண்ணாடிக்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"சாவி யாருகிட்ட இருக்கோ அவுகதான் போகணும்" என்றார் காதர் அண்ணன்.

"ஆத்தாடி! நானா?" என்று எலுமிச்சம் பழத்தை என் மடியில் போட்டாள் பேச்சியக்கா. சேலையை உதறி இழுத்துச் செருகினாள். எழுந்துவிட்டாள். கூட்டம் வழி விட்டது. சில பேர் கொஞ்சம் அதிகமாகவே விலகி வழி விட்டார்கள்.

மற்றப் பரிசுகளை எல்லாம் மேடையில் நின்ற உதவியாள் எடுத்துத் தர, தலைமை வகித்த பெரிய அதிகாரி கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சியக்கா முன்னால் போய் நின்றதும், அந்த உதவியாள் அவளை மேலும் கீழும் பார்த்தான். கேடயத்தை அதிகாரியிடம் கொடுக்காமல் மேஜை ஓரத்தில் வைத்தான். எடுத்துக்கொள் என்று கண்ணால் காட்டினான்.

அவள் எடுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள்.

 நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கையில குடுங்கய்யா" என்றாள். மந்தையில் ஆட்டை விரட்டுகிற அதே குரல். "எல்லாருக்கும் கையிலதான குடுத்தீக."

அதிகாரி அப்போதுதான் மேஜையைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்தது தெரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார். மற்ற யாருக்கும் அவர் எழவில்லை. கேடயத்தைத் தானே எடுத்து, அவள் கையில் வைத்து, ஒரு நிமிஷம் விடாமல் சேர்ந்து பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மாதான் முதலில் கைதட்டினார். பிறகு எழுந்த சத்தத்தில் ஓட்டுக்கடியில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

காதர் அண்ணன் "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று சொல்லிக்கொண்டே அழுதார். நான் அழவில்லை. தொண்டை கட்டுகிற வரை கத்தினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பேச்சியக்காவுக்கு வாந்தியே வரவில்லை. கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஏறுகிற இறங்குகிற ஒவ்வொருவருக்கும் காட்டினாள். உசிலம்பட்டி தாண்டுவதற்குள் கண்டக்டருக்கே எங்கள் ஊர்க் கதை மனப்பாடமாகியிருந்தது.

### திங்கட்கிழமை

சாவி கைமாறுகிற நாள் திங்கட்கிழமை. கேடயம் மண்டபச் சுவரில் ஏறிவிட்டது. பேச்சியக்காவுக்கு அடுத்த வாரத்தைத் தன் வீட்டுக்குக் கேட்டு வாங்கியிருந்தார் பெரிய அத்தை.

பேச்சியக்கா தனியாகப் போக மாட்டேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டாள். "சாவி குடுக்கத்தான போறோம், சண்டைக்கா போறோம்" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

பெரிய வீட்டு வாசலை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். நாங்கள் எதிரே போய் நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து கொலுசில்லாத காலடி கேட்டது. செல்லம் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். வெளியே வர வழியில்லை.

"அப்பா" என்றாள்.

 மாமா எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாகப் போட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்துகொண்டார்.

செல்லம் படி தாண்டி இறங்கி வந்தாள். நல்ல வெயில். கண் கூசியது போலும், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். பேச்சியக்காவின் கையிலிருந்த சாவியை வாங்கி இடுப்பில் செருகினாள்.

"நாளைக்குக் காலையில எத்தன மணிக்குத் தொறக்கணும் அக்கா?" என்று பேச்சியக்காவைக் கேட்டாள்.